அட்டையில் இருந்தவள் உள்ளே இல்லை

அந்த நாவலைப் பற்றி ஓவியருக்குத் தெரிந்ததெல்லாம் பதிப்பாளர் போனில் சொன்னதுதான். "பசங்க ஏழு பேரு. ஒரு ஆபத்தான விளையாட்டு. தோத்தா உயிர் போயிடும். அட்டையைப் பார்த்தவுடனே வயித்தைக் கலக்கணும் சார்." நாவல் மின்னஞ்சலில் வந்தது. வந்த இடத்திலேயே திறக்கப்படாமல் கிடந்தது.

ஓவியர் எத்தனையோ நூல்களுக்கு அட்டை போட்டவர். துப்பறியும் கதை, வீட்டு வைத்தியம், தன்னம்பிக்கை, தோட்டக்கலை, எல்லாம் அவர் கையால் போயிருக்கின்றன. எதையும் படித்ததில்லை. "பெட்டி செய்யுறவன் உள்ள என்ன வைக்கப் போறாங்கன்னு பார்த்துட்டா செய்யுறான்?" என்பது அவர் கட்சி. இதை வெளியில் சொல்லிக்கொள்ள மாட்டார்.

ஆபத்து என்றால் உயரம் என்று அவருக்குத் தோன்றியது. உயரமான தண்ணீர்த் தொட்டி, அதன் இரும்பு ஏணி, ஏணியின் நடுவில் ஒரு பெண். மாடலுக்குத் தேடி அலைய வேண்டியதில்லை. அதே கட்டடத்தின் மேல் தளத்தில் அக்காவின் குடும்பம் இருந்தது. அக்கா மகளுக்குப் பதினைந்து வயது. ஒரே வருஷத்தில் மூங்கில் மாதிரி வளர்ந்துவிட்டதால் பெற்ற தாயிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் எல்லோருக்கும் அவள் நெட்டைதான்.

நெட்டையை வீட்டுக் கூடத்தில் மடக்கு ஏணியின் மேல் ஏற்றி நிறுத்தி ஓவியர் வரைய ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் பொறுத்தாள். அலமாரியின் மேல் வைத்திருந்த அவள் போன் அதிர்ந்தது. ஒரு கையால் ஏணியைப் பிடித்தபடி மறு கையை நீட்டினாள்.

"மாமா, அந்த போனை எடுத்துக் கொடுங்க."

"அசையாத. அப்படியே இரு. கையை மடக்காத."

"கை வலிக்குது மாமா."

"வலிக்கட்டும். அது முகத்துல நல்லா வருது."

படம் அப்படித்தான் பிறந்தது. சாம்பல் வானம், துருப்பிடித்த ஏணி, பள்ளிச் சீருடையில் ஒரு உயரமான பெண். கீழே பார்க்காமல், படத்துக்கு வெளியே மேலே இருக்கும் யாருக்கோ கையை நீட்டுகிறாள். யாருக்கு என்று பார்ப்பவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் முடியாது.

'ஏழாவது பூட்டு' கடைக்கு வந்ததும் சுடச்சுட விற்றது. புத்தகக் கடைக் கண்ணாடிகளில் எல்லாம் நெட்டை கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பள்ளியில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பரீட்சை முடியட்டும் என்று அம்மா பூட்டி வைத்திருந்த பிரதி ஒருவழியாக ஒரு சனிக்கிழமை அவள் கைக்கு வந்தது. ஞாயிறு மத்தியானம் படிகளில் தடதடவென்று இறங்கி மாமாவின் வீட்டுக்குள் வந்தாள்.

"மாமா, நான் எந்தப் பக்கத்துல வர்றேன்?"

"என்னது?"

"முழுசா படிச்சுட்டேன். தண்ணித் தொட்டி இல்ல. ஏணி இல்ல. ஒரு மொட்டை மாடிகூட இல்ல. ஒரு பழைய ஆலைக்கு அடியில, நிலவறையில எல்லாரையும் பூட்டி வச்சிருக்காங்க. கதை முழுக்கத் தரைக்குக் கீழதான் நடக்குது."

ஓவியர் தூரிகையைக் கழுவுவதில் மும்முரமானார். பேச்சை மாற்றலாம் என்று, "சரி, கதை எப்படி?" என்று கேட்டார். மடை உடைந்துவிட்டது.

"கதையா? ஏழு பேர்ல அஞ்சு பேருக்கு எப்பப் பார்த்தாலும் கோபம் வருது, ரெண்டு பேருக்கு எப்பப் பார்த்தாலும் அழுகை வருது. அதை வச்சுத்தான் யார் யாருன்னே கண்டுபிடிக்கணும். மூணு நாள் பூட்டி வச்சிருக்காங்க மாமா, ஒருத்தரும் பாத்ரூம் போகல. கழுத்து வரைக்கும் தண்ணி வந்துட்டு இருக்கு, ஒருத்தன் 'தோழி, இளமை என்பது அணையா விளக்கு'ங்கிறான். எங்க கிளாஸ்ல எவனாவது அப்படிப் பேசினா, முதல்ல காய்ச்சல் இருக்கான்னு தொட்டுப் பார்ப்போம்."

"கடைசியில யார் ஜெயிக்கிறா?"

"யாரும் ஜெயிக்கல, யாரும் சாகல. எல்லாம் ஒரு பயிற்சி முகாமாம். பெத்தவங்களே அனுப்பி வச்சாங்களாம், பசங்களுக்குத் தன்னம்பிக்கை வளரட்டும்னு. ஏழு பேரும் அப்பா அம்மாவைக் கட்டிப்பிடிச்சு நன்றி சொல்றாங்க."

ஓவியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெட்டை சிரிக்கவில்லை. சுவரில் வரிசையாக மாட்டியிருந்த அட்டைப் படங்களை ஒருமுறை பார்த்தாள்.

"நீங்க இதைப் படிக்கவே இல்லையா?"

அவர் கழுவிய தூரிகையை மறுபடியும் கழுவப் போனார்.

"இதுல எதையுமே படிக்கலையா?"

"நேரம் எங்கம்மா இருக்கு..."

"எங்க மாமா எல்லாப் புத்தகமும் படிச்சவர்னு ஸ்கூல் பூரா சொல்லி வச்சிருக்கேன்" என்றாள். குரல் இறங்கிவிட்டிருந்தது. "என் பக்கத்துல உக்கார்ற பொண்ணு, தொட்டி எப்ப வரும், தொட்டி எப்ப வரும்னே கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சாளாம். இப்ப என்னை ஏதோ ஏமாத்துக்காரி மாதிரி பார்க்குறா."

அவள் போன பிறகு ஓவியர் ரோஷத்தோடு நாவலை எடுத்து உட்கார்ந்தார். மூன்றாவது பூட்டு திறப்பதற்குள் அவர் கண்கள் மூடிவிட்டன.

நெட்டை சும்மா இருக்கவில்லை. புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுத்தாளரைப் பற்றிப் போட்டிருந்தார்கள். அவர் ஒரு பல் மருத்துவர், 'இளம் உள்ளங்களோடு நெருங்கிப் பழகியவர்.' மருத்துவமனை அதே ஊரில், பேருந்தில் போகும் தூரத்தில் இருந்தது. அன்று மாலையே நெட்டை கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அம்மா, பல் வலிக்குது" என்றாள். பல் விஷயத்தில் மகள் தானாக வாய் திறந்ததே பெரிய விஷயம் என்று அம்மா, தன் தம்பியான ஓவியரைக் கூப்பிட்டு, "நீயே கூட்டிட்டுப் போயிட்டு வாடா. உனக்குத்தான் பகல்ல வேலையே இல்லையே" என்றாள்.

பேருந்தில் ஏறிய பிறகுதான் நெட்டை மாமாவிடம் உண்மையைச் சொன்னாள். அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடலாம் என்று பார்த்தார். அவள் வழிவிடவில்லை.

மருத்துவமனையின் முன்மேசையில், பிளாஸ்டர் பற்களுக்குப் பக்கத்தில் நாவலை நிற்க வைத்திருந்தார்கள். மேசையில் இருந்த பெண் நெட்டையைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், மறுபடி நெட்டையைப் பார்த்தாள், உள்ளே அனுப்பினாள்.

டாக்டர் பருமனான, சாதுவான மனிதர். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. "எந்தப் பல்லும்மா?"

"இந்தப் பக்கம்..." என்று நெட்டை குத்துமதிப்பாகக் காட்டினாள். "டாக்டர், உங்க நாவல்ல..."

"ஆ காட்டு."

"ஆ... அந்த அட்..."

"பேசாதம்மா. நாக்கைத் தூக்காத."

சின்னக் கண்ணாடி வாய்க்குள் போய் வந்தது. ஒரு கம்பி எங்கேயோ தட்டியது. நெட்டை நாற்காலியிலிருந்து ஒரு சாண் எழும்பினாள்.

"அடடா, நல்ல சொத்தை. உள்ள வரைக்கும் போயிருக்கு. இத்தனை நாள் எப்படிம்மா பொறுத்துக்கிட்ட?"

மூலையில் உட்கார்ந்திருந்த ஓவியர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

வாய் கொப்பளிக்கச் சொன்னபோது நெட்டைக்குச் சந்தர்ப்பம் கிடைத்தது. துப்பிவிட்டு நிமிர்ந்தாள். "டாக்டர், உங்க அட்டையில இருக்குறது நான்தான். ஆனா உள்ள நான் எங்கயுமே இல்ல. ஏன்?"

டாக்டர் முகக்கவசத்தை இறக்கி அவளை உற்றுப் பார்த்தார். முகம் மாறியது. ஆனால் இந்தக் கேள்வி அவருக்குப் புதிதில்லை போலிருந்தது. பதில் தயாராக இருந்தது.

"அது ஒரு குறியீடும்மா."

"எதுக்கு?"

"உயரத்துக்கு. கனவுக்கு. இளமையோட தேடலுக்கு."

"கதை தரைக்குக் கீழ நடக்குது டாக்டர்."

"இந்த வயசுப் பசங்க மனசு எனக்குத் தெரியும்மா. எத்தனை வருஷமா உங்களோடதான் பழகுறேன்."

"வாயைத் திறன்னு சொல்லிட்டு, பேசாதன்னும் சொல்லித்தானே பழகுறீங்க?"

கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்த நர்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. ஓவியர் பதறி எழுந்தார்.

"மன்னிச்சுக்கோங்க சார். சின்னப் பொண்ணு. தப்பு என்மேலதான். அட்டை வரைஞ்சது நான். கதையைப் படிக்காம வரைஞ்சுட்டேன்."

டாக்டர் கோபப்படவில்லை. "படிக்காமயா?" என்றார் மெதுவாக. "அப்ப அந்தத் தண்ணித் தொட்டி?"

"சும்மா தோணினது சார்."

"அந்தக் கை? கையை நீட்டுறாளே, அது?"

"அது... இவ போன் கேட்டா."

டாக்டர் சக்கர முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "போனா" என்றார். அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரம் ஊசி போட்டு, நெட்டையின் பாதி முகம் மரத்துப்போகக் காத்திருந்த நேரத்தில், டாக்டர் முக்காலியை உருட்டிக்கொண்டு அவளருகே வந்தார். கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

சின்ன வயதில் அவர்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. பையன்கள் அங்கே ஒரு விளையாட்டு கண்டுபிடித்திருந்தார்கள். சீட்டில் தோற்றவன் ஏணி ஏறித் தொட்டியின் மூடியைத் தட்டிவிட்டு வர வேண்டும். ஒருநாள் அவர் தோற்றார். ஏறிவிட்டார். மூடியையும் தட்டிவிட்டார். இறங்கத்தான் முடியவில்லை. யாரோ பெரியவர் வரும் சத்தம் கேட்டதும் நண்பர்கள் ஆளுக்கொரு திசையில் பறந்துவிட்டார்கள்.

"எங்க அக்காதான் வந்தா. ஸ்கூல் யூனிஃபார்மோட. முக்கால்வாசி ஏறி நின்னு, மேல இருந்த எனக்குக் கையை நீட்டினா." அவர் ஓவியரைத் திரும்பிப் பார்த்தார். "பதிப்பாளர் உங்க படத்தை அனுப்பினப்ப எனக்குக் கை கால் ஓடல சார். கதைக்கு இது சம்பந்தமே இல்லன்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும். மனசு வரல."

நெட்டை எழுந்து உட்கார்ந்தாள். மரத்துப்போன வாயால், "அழ ஏன் எழுழல?" என்றாள்.

"அதை ஏன் எழுதலன்னு கேக்குறா" என்று ஓவியர் மொழிபெயர்த்தார்.

"அதுல என்ன இருக்குன்னு எழுதுறது? யாரும் சாகல. யாரும் யாரையும் பூட்டி வைக்கல. ஒரு பையன் பயந்தான், அக்கா வந்து இறக்கினா. ஆபத்தான விளையாட்டுன்னு எழுத உக்கார்ந்தா பூட்டு, முகமூடி, வெடிகுண்டுதான் வருது. ஆ காட்டும்மா."

நெட்டையின் வாயில் பஞ்சை வைத்துவிட்டதால் அவள் கண்களால் மட்டுமே சண்டை போட முடிந்தது. அவளுக்குப் பதிலாக ஓவியர் கேட்டார். "அக்கா புத்தகத்தைப் படிச்சாங்களா சார்?"

"அதை ஏன் கேக்குறீங்க. அக்கா கோர்ட்டுல ஸ்டெனோ. அட்டையைப் பார்த்துட்டு, 'என் தம்பி என்னைப் பத்தி எழுதிட்டான்'னு கோர்ட்டு பூராக் காட்டியிருக்கா. வீட்டுக்குப் போய் முழுசா படிச்சிருக்கா. அதுக்கப்புறம் என் போனை எடுக்கவே இல்ல."

அதற்குப் பிறகு பல் குடையும் சத்தம்தான் கேட்டது. எல்லாம் முடிந்து பஞ்சை எடுத்ததும் நெட்டை சொன்ன முதல் வார்த்தை, "அவங்களை வரச் சொல்லுங்க" என்பதுதான். அது பாதிதான் வார்த்தையாக வந்தது. ஆனாலும் டாக்டருக்குப் புரிந்துவிட்டது. அட்டையில் இருக்கும் பெண் அடுத்த வாரம் தன்னிடம் வருகிறாள் என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பினார்.

டாக்டரின் அக்கா வந்துவிட்டார். நெட்டையும் ஓவியரும் உள்ளே நுழைந்தபோது, காத்திருப்போர் வரிசையின் நடுவில், கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு ஓர் உயரமான அம்மாள் உட்கார்ந்திருந்தார். நெட்டையை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார்.

"நீதானா அது? மூக்கு என்னோடது இல்ல. கை என் கைதான்." பக்கத்து நாற்காலியைத் தட்டினார். "உக்காரு. நீயும் தேடித் தேடிப் படிச்சியாமே."

"ஆமா ஆன்ட்டி. நீங்களுமா?"

"நாலாவது பூட்டு வரைக்கும், இப்ப வந்துடுவேன், இப்ப வந்துடுவேன்னு நினைச்சேன். அப்புறம் ஒரு பொண்ணு 'விதியே, நீ யார்?'னு கேட்டா. சரி, நம்ம வீட்டுக் கதை இல்லன்னு தெரிஞ்சுபோச்சு."

டாக்டர் உள்ளறை வாசலில் வந்து நின்றார். "அக்கா..."

"நீ சும்மா இருடா. இந்தப் பொண்ணுகிட்ட நீ சொன்ன லட்சணம் எனக்குத் தெரியாதா? பையன் பயந்தான், அக்கா வந்தா, அவ்வளவுதானே? காலம் பூரா சாட்சி சொல்றதை டைப் அடிச்சவ நான். விட்டுட்டுச் சொல்றவனை எனக்குத் தெரியும்."

அவர் சொல்ல ஆரம்பித்தார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லாம் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"இவன் மேல உக்கார்ந்து அழுதான்னு நினைக்காதீங்க. பாடிட்டு இருந்தான்."

"நான் பாடல."

"பாடின. ஸ்கூல் பாட்டு. முதல் ரெண்டு வரியே திரும்பத் திரும்ப. மூணாவது வரி பயத்துல மறந்துபோச்சு. நான் சமையலறையில இருந்து கேட்டுட்டு, யார்டா இது ஆகாசத்துல இருந்து பாடுறதுன்னு வெளிய வந்தேன். அப்பத்தான் இவன் செருப்பு ஒண்ணு கீழ விழுந்துச்சு. அது விழுந்த சத்தம் வர எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா? அந்தச் சத்தத்தைக் கேட்டதுக்கு அப்புறம்தான் இவன் கம்பியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டான். அதுவரைக்கும் கொஞ்சம் தைரியமாத்தான் இருந்தான்."

யாரோ சிரித்தார்கள். நர்ஸ் கையுறையோடு வெளியே வந்து நின்றுவிட்டாள்.

"நான் ஏறினேன். கையை நீட்டினேன். பிடிக்க மாட்டேங்கிறான். 'நீயும் விழுந்துடுவே, போ'ங்கிறான். நான் சொன்னேன், 'டேய், நீ விழுந்தா அம்மா என்னைத்தான் அடிப்பாங்க, வாடா'ன்னு. அடின்னதும் பிடிச்சுட்டான். தான் விழுறது பரவாயில்ல, நான் அடி வாங்கக் கூடாதாம்."

"அப்புறம்?" என்றார், கன்னம் வீங்கிய ஒருவர்.

"அப்புறம் என்ன, இறங்கினோம். ஏறுறது யாருக்கும் வரும். இறங்குறப்ப காலைக் கீழ விட்டுத் துழாவணும், படி இருக்கான்னு தெரியாது. இவன் கண்ணை மூடிக்கிட்டான். இவன் காலை ஒவ்வொரு படியிலயும் நான் எடுத்து வச்சேன். எனக்குக் கை நடுங்குது, இவன் காலும் நடுங்குது, எது யாரோட நடுக்கம்னே தெரியல."

டாக்டர் வாசலை விட்டு ஓரடி முன்னால் வந்தார். "உனக்குப் பயமா இருந்துச்சா?"

"பின்ன?"

"நீ சிரிச்சுட்டே இருந்தியே அக்கா."

"பல் கிட்டிச்சுப் போச்சுடா. அதைப் பார்த்துட்டுச் சிரிப்புன்னு நினைச்சியா? நீயெல்லாம் எப்படிப் பல் டாக்டர் ஆனே?" என்றார் அக்கா. பிறகு சாதாரணமாகச் சொன்னார். "எனக்குப் பதினாலு வயசு. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் நான் ஒரு ஸ்டூல் மேலகூட ஏறினதில்ல. வீட்டுல பல்பு மாத்தணும்னா ஆளைக் கூப்பிடுவேன். நீ கவனிச்சதே இல்ல."

டாக்டர் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன செய்வது என்று தெரியாமல், வரிசையில் இருந்த ஒரு காலி நாற்காலியில், தன் நோயாளிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டார். வரிசையில் யாருக்கும் பல் வலித்ததாகத் தெரியவில்லை.

நெட்டைதான் கடைசியில், "இதுல எழுத ஒண்ணுமே இல்லன்னீங்க டாக்டர்" என்றாள். அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதனால் அவருக்கு இன்னும் நன்றாகக் குத்தியது.

அந்த வாரமே டாக்டர் பதிப்பாளரைக் கூப்பிட்டு, அடுத்த பதிப்பில் ஒரு தொட்டி அத்தியாயம் சேர்க்கலாமா என்று கேட்டார். பதிப்பாளர் அலறிவிட்டார். "ஓடுற வண்டியில கை வைக்காதீங்க டாக்டர். அட்டைக்கும் கதைக்கும் பொருந்தலைன்னு சொல்றாங்க, அவ்வளவுதானே? அட்டையை மாத்திட்டாப் போச்சு."

அப்படியே செய்தார். புது அட்டையையும் ஓவியர்தான் வரைந்தார். ஒரு நிலவறை, ஏழு நிழல்கள், ஒரு பெரிய பூட்டு. கதையில் உள்ளது உள்ளபடி. விற்பனை படுத்துவிட்டது. புகார்களும் நின்றுவிட்டன. இதில் எதற்குச் சந்தோஷப்படுவது என்று பதிப்பாளருக்குப் புரியவில்லை. நெட்டையை அட்டையிலிருந்து எடுத்துவிட்டார்களே என்று அவள் அம்மாவுக்குத்தான் வருத்தம். நெட்டை தோளைக் குலுக்கினாள். "நான் இல்லாத வீட்டு வாசல்ல என் போட்டோ எதுக்கும்மா?"

டாக்டர் தொட்டிக் கதையைத் தனிப் புத்தகமாக எழுதினார். ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் இடையில் கிடைத்த நேரத்தில் எழுதியதால் வாக்கியங்கள் குட்டையாக வந்தன. அது நல்லதாகப் போயிற்று. எழுதியதையெல்லாம் அக்கா வாங்கிப் பார்த்தார். 'நிலவு சாட்சியாக' என்ற இடத்தில், "மத்தியானம் மூணு மணிக்கு ஏதுடா நிலவு?" என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார். பாட்டு விஷயத்தில் மட்டும் டாக்டர் கடைசி வரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. 'அவன் பாடவில்லை என்று அவன் சொல்கிறான். பாடினான் என்று அக்கா சொல்கிறாள்' என்று எழுதி ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

ஓவியர் அதைப் பேருந்தில் படிக்க ஆரம்பித்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டார். திரும்பி வரும் பேருந்திலும் படித்தார். பிறகு வரைய உட்கார்ந்தால் வரவில்லை. முன்பெல்லாம் எதுவும் தெரியாததால் ஒரு படம்தான் தோன்றும். இப்போது பத்துப் படம் தோன்றியது. தவித்துத் தவித்து, கடைசியில் மேலிருந்து கீழே பார்ப்பதுபோல, விழுந்துகொண்டிருக்கும் ஒற்றைச் செருப்பை மட்டும் வரைந்தார். செருப்பு நீலம் இல்லை, பழுப்பு என்று அக்கா திருத்தினார்.

நூலகக் கூடத்தில் வெளியீடு நடந்தது. நாற்காலிகளில் பாதிதான் நிரம்பியிருந்தது. டாக்டர் எழுந்து முதல் பக்கத்தைப் படிக்கத் தொடங்கினார். இரண்டு வரி போவதற்குள் முன்வரிசையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "கொஞ்சம் சத்தமா." இன்னொரு வரி. "அவ்வளவு வேகம் வேண்டாம்." டாக்டர் படிப்பதை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீயே வந்து படி அக்கா" என்றார்.

அவர் வந்தார். மேடைக்கு ஏறும் மூன்று படிகளிலும் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். தீர்ப்பைப் படிப்பதுபோல ஏற்ற இறக்கம் இல்லாமல், நிறுத்தி நிறுத்திப் படித்தார். செருப்பு விழும் இடம் வந்தபோது, பக்கத்தில் இருந்த நெட்டை தன் நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதை ஓவியர் பார்த்தார். பார்க்காததுபோல இருந்துவிட்டார்.

கொண்டுவந்த பிரதிகளில் ஒரு கட்டு மிஞ்சியது. நெட்டையும் ஓவியரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதை டாக்டரின் காரில் ஏற்றினார்கள். எல்லோரும் எங்கேயாவது போய்ச் சாப்பிடலாம் என்றார் டாக்டர். எந்தக் கடை என்பதில் அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு முற்றியது. நெட்டை பின் சீட்டில் ஏறி, கட்டைப் பிரித்து ஒரு பிரதியை உருவிக்கொண்டாள். அவர்கள் முடிவுக்கு வருவதற்குள் இரண்டு அத்தியாயம் படித்துவிட்டாள்.